டாக்டர் மேன்சன் எந்தப் படியில் வழுக்கினார்?



சிவில் டிப்ளமோ படிக்கிற பொண்ணு டாக்டர் கதையைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். மலருக்குக் கட்டுரை கேட்டபோது கான்கிரீட் கலவை பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. பாடப்புத்தகத்தில் இல்லாத ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். நன்றாகப் படித்து, நேர்மையாக வேலை செய்து, நல்ல பெயர் எடுத்த ஒருத்தர் எப்படிக் கெட்டுப் போகிறார்? ஒரே நாளிலா, கொஞ்சம் கொஞ்சமாகவா? எந்த இடத்தில் அவர் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்? இந்த மூன்று கேள்விகளையும் வைத்துக்கொண்டு ஏ.ஜே. குரோனின் எழுதிய 'தி சிட்டடல்' என்ற ஆங்கில நாவலைப் பார்ப்போம்.

'சிட்டடல்' என்றால் கோட்டை. மலை உச்சியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோட்டை இருக்கிறது, அதைப் பிடித்தே தீரவேண்டும் என்று மூச்சு வாங்க மேலே ஏறுகிறவனின் கதை இது. ஏறும்போது அவன் வழுக்கவில்லை. ஏறிவிட்டோம் என்று நினைத்த பிறகுதான் வழுக்குகிறான். அதுதான் இந்த நாவலில் நாம் கவனிக்க வேண்டியது.

1. எழுதியவரும் அவர் காலமும்

குரோனின் 1896-ல் ஸ்காட்லாந்தில் கார்ட்ராஸ் என்னும் ஊரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டார். உதவித்தொகையில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்து 1919-ல் பட்டம் வாங்கினார். 1921 முதல் 1924 வரை தெற்கு வேல்ஸில் டிரெடிகர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் டாக்டராக இருந்தார். 1924-ல் சுரங்கங்களின் மருத்துவ ஆய்வாளர் வேலை கிடைத்தது. தூசியைச் சுவாசிப்பதால் தொழிலாளிகளின் நுரையீரலுக்கு வரும் கேட்டை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். அதன்பின் லண்டனில் சொந்தமாகத் தொழில் நடத்தி நன்றாகச் சம்பாதித்தார். 1930-ல் குடல்புண் வந்து ஓய்வெடுக்கப் போன இடத்தில் எழுத ஆரம்பித்தார். 1931-ல் முதல் நாவல் வந்தது. 'தி சிட்டடல்' 1937-ல் வந்தது. 1981-ல் காலமானார்.

இந்த விவரங்களைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கதையில் வரும் டாக்டரும் ஏழையாகப் பிறந்து, சுரங்க ஊரில் வேலை பார்த்து, தூசி நோயை ஆராய்ந்து, லண்டனுக்குப் போகிறவர்தான். தான் நடந்த பாதையைத்தான் குரோனின் எழுதியிருக்கிறார். வெளியிலிருந்து டாக்டர்களைத் திட்டவில்லை, உள்ளே இருந்தவர் பேசுகிறார். அதனால்தான் புத்தகம் வந்தவுடன் பிரிட்டனில் டாக்டர்கள் மத்தியில் பெரிய விவாதம் எழுந்தது. அடுத்த வருஷமே, 1938-ல், கிங் விடோர் இயக்கத்தில் சினிமாவாகவும் வந்தது. நம் நாட்டில் 1971-ல் விஜய் ஆனந்த் இயக்கி தேவ் ஆனந்த் நடித்த 'தேரே மேரே சப்னே' இந்திப் படமும் இந்த நாவலை வைத்து எடுத்ததுதான்.

2. மலை ஊரில் ஒரு புது டாக்டர்

ஆண்ட்ரூ மேன்சன் இருபது வயசுகளில் இருக்கிற புது டாக்டர். கையில் காசு கிடையாது. படிப்புக்கு உதவிய ஒரு அறக்கட்டளைக்குத் திருப்பிக் கட்டவேண்டிய கடன் மட்டும் இருக்கிறது. (நம்மில் பல பேருக்கு இந்த வரி புரியும், விளக்க வேண்டியதில்லை.) வேல்ஸில் டிரினெஃபி என்ற சுரங்க ஊருக்கு உதவி டாக்டராக வருகிறார். வந்து பார்த்தால் பெரிய டாக்டர் பக்கவாதத்தில் படுத்த படுக்கை. வேலை எல்லாம் மேன்சன் தலையில். சம்பளமோ சொற்பம்.

முதல் நாட்களிலேயே டைபாய்டு காய்ச்சல் வருகிறது. மருந்து கொடுத்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறார். ஊரின் பழைய சாக்கடைக் குழாய் ஒழுகி, குடிக்கிற கிணற்றுத் தண்ணீரில் கலக்கிறது. டைபாய்டு கிருமி நோயாளியின் மலத்தின் வழியாகத் தண்ணீரில் இறங்கி, தண்ணீரின் வழியாக அடுத்தவர் வயிற்றுக்குள் போகிறது. சாக்கடை மாறாமல் காய்ச்சல் மாறாது. அதிகாரிகள் கவனிக்கவே இல்லை. டென்னி என்ற இன்னொரு டாக்டர், கொஞ்சம் குடிகாரர், ஆனால் மனசு சுத்தமானவர். அவரும் மேன்சனும் ராத்திரியோடு ராத்திரியாக அந்தச் சாக்கடையை வெடி வைத்துத் தகர்த்துவிடுகிறார்கள். அப்புறம் புதுசு கட்டாமல் முடியுமா?

வெடி வைத்தது சரியா தப்பா என்பதை நீங்கள் விவாதம் செய்துகொள்ளுங்கள். எனக்கு அதில் வேறொன்று பிடித்தது. ஒரு டாக்டருக்கு முதலில் தேவைப்பட்டது ஒரு சிவில் இன்ஜினியர்! சாக்கடைக்குச் சரியான வாட்டம் கொடுத்து, மூட்டுகளை ஒழுகாமல் பூசியிருந்தால் அந்த ஊரில் அத்தனை பேர் படுத்திருக்க மாட்டார்கள். நம்ம 'பப்ளிக் ஹெல்த் இன்ஜினியரிங்' பாடத்தைப் பரீட்சைக்காக மட்டும் படிக்கிறவர்கள் இந்த அத்தியாயத்தைப் படிக்கவேண்டும்.

இதே ஊரில் மேன்சன் மூச்சே இல்லாமல் பிறந்த ஒரு குழந்தையை விடாமல் முயற்சி செய்து பிழைக்க வைக்கிறார். பள்ளிக்கூட டீச்சர் கிறிஸ்டினைச் சந்தித்துக் கல்யாணம் செய்துகொள்கிறார். பிறகு அபரலா என்ற பெரிய சுரங்க ஊருக்கு மாறுகிறார்கள். அங்கே தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு சிறு பங்கைச் சேர்த்து நடத்தும் மருத்துவ உதவிச் சங்கம் இருக்கிறது. நிலச்சரிவில் கை மாட்டிக்கொண்ட ஒரு தொழிலாளியைக் காப்பாற்ற, சுரங்கத்துக்குள் ஊர்ந்துபோய் அங்கேயே கையை எடுத்து உயிரைக் காப்பாற்றுகிறார். நோய் இல்லாதவருக்கு நோய்ச் சான்றிதழ் கொடுக்க மறுத்துப் பகையும் சம்பாதிக்கிறார். சொல்லப்போனால், மேன்சனின் முதல் பரீட்சையே ஒரு கையெழுத்துதான். அதில் அவர் தேறிவிட்டார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அபரலாவில்தான் தூசி ஆராய்ச்சி. ஒரு குறிப்பிட்ட வகை நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் நுரையீரல் நோய் ஏன் அதிகம் என்று வீடு வீடாகப் போய்ப் பரிசோதித்துக் கணக்கு எடுக்கிறார். கிறிஸ்டின் ராத்திரி விழித்திருந்து உதவி செய்கிறாள். காரணம் சிலிக்கா. பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் தூசியில் மிக நுண்ணிய துகள்கள்தான் ஆபத்து. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு மைக்ரான். ஏறக்குறைய ஐந்து மைக்ரானுக்குக் கீழே உள்ள துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் தங்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்விடும். அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் தாமே செத்துப்போகும். அந்த இடம் வடுவாகி இறுகும். வடு பரவப் பரவ நுரையீரல் விரியாது. இப்படி இறுகிப்போனதைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. தடுக்க மட்டும்தான் முடியும். தண்ணீர் ஊற்றித் துளைப்பது, காற்றோட்டம், முகக்கவசம், இவ்வளவுதான் வழி.

இந்தப் பக்கங்களைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எங்க அப்பா பதினாறு வருஷமாகக் கல் குவாரியில் துளை போடுகிறவர். இப்போது மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குகிறார். "வயசாயிடுச்சும்மா" என்பார். வயசு நாற்பத்தாறு. வேல்ஸில் மேன்சன் எடுத்த கணக்கில் ஒரு வரியாக அவரும் இருக்கலாம் என்று தோன்றியது. நாவலுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் என்னிடம் இந்தப் பதில்தான் இருக்கிறது.

நிலக்கரித் தூசியால் வரும் நுரையீரல் நோய் முழுவதற்கும் நஷ்டஈடு உண்டு என்று பிரிட்டன் ஏற்றுக்கொண்டது நாவல் வந்து ஆறு வருஷம் கழித்து, 1943-ல்தான்.

3. லண்டனில் நாலு படிகள்

தூசி ஆராய்ச்சியால் மேன்சனுக்குப் பெயர் கிடைக்கிறது. ஆனால் அனுமதி இல்லாமல் பிராணிகளை வைத்துச் சோதனை செய்தார் என்று ஊரில் ஒரு கோஷ்டி கிளம்புகிறது. விசாரணையில் ஜெயித்தும் மனசு விட்டுப்போய் ராஜினாமா செய்கிறார். லண்டனில் அரசு வாரியம் ஒன்றில் வேலை. தூசியை ஒழிக்கலாம் என்று கனவோடு போனால், முதலுதவிக் கட்டுத் துணி எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று அளந்துகொண்டு உட்காரச் சொல்கிறார்கள். அதையும் உதறிவிட்டு, பாடிங்டன் பகுதியில் கையிருப்பை எல்லாம் போட்டுச் சொந்தமாக ஒரு சின்ன மருத்துவமனை வாங்குகிறார். ஆள் வரவில்லை. இங்கிருந்துதான் நம் பாடம் ஆரம்பம்.

முதல் படி: இதில் தப்பே இல்லை. துணிக்கடையில் வேலை செய்கிற ஒரு பெண்ணைச் சரியாகக் குணப்படுத்துகிறார். அவள் சொல்லி மற்றவர்கள் வருகிறார்கள். ஒரு பணக்கார வீட்டுப் பெண் வெறி பிடித்தாற்போல் கத்தும்போது, மற்ற டாக்டர்கள் எல்லாம் கெஞ்சிக்கொண்டிருக்க, இவர் கன்னத்தில் ஒரு அறை விடுகிறார். அவள் அடங்கிவிடுகிறாள். தைரியமான டாக்டர் என்று பெரிய இடங்களில் பெயர் பரவுகிறது. அதாவது, நேர்மைக்கே காசு வருகிறது.

இரண்டாம் படி: வருகிற பணக்காரப் பெண்களில் பாதிப் பேருக்கு நோயே இல்லை. ஊசி போட்டால்தான் திருப்தி. கெடுதல் செய்யாத, பயனும் இல்லாத ஊசியை ஃபேஷனாகப் போட ஆரம்பிக்கிறார். "நான் மாட்டேன்னா பக்கத்துத் தெரு டாக்டர் போடப்போறார்" என்பதுதான் நியாயம். நாவலில் இது இதே வார்த்தையில் இல்லை. ஆனால் நம்ம ஊரில் இதே வார்த்தையில் கேட்டிருக்கிறோம்.

மூன்றாம் படி: பழைய கல்லூரி நண்பன் ஹாம்ஸன், டீட்மன், ஐவரி என்று ஒரு கூட்டு. ஒருத்தர் நோயாளியை அடுத்தவரிடம் ஆலோசனைக்கு அனுப்புவது, கிடைக்கிற ஃபீஸைப் பங்கு போட்டுக்கொள்வது. தேவையா என்பது இரண்டாம் கேள்வி. வெல்பெக் தெருவில் பகட்டான ஆலோசனை அறை, புது கார், புது உடுப்பு. தூசி ஆராய்ச்சிக் காகிதங்கள் அலமாரியில் தூங்குகின்றன.

நாலாம் படி: கணக்குப் பார்ப்பது மாறிவிடுகிறது. முன்பெல்லாம் ராத்திரி வீடு திரும்பினால் இன்றைக்கு எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று பேசுவார். இப்போது இன்றைக்கு எவ்வளவு வந்தது என்று பேசுகிறார். கிறிஸ்டின் மட்டும் பழைய கணக்கிலேயே நிற்கிறாள். 'நமக்கு இது வேண்டாம்' என்று அவள் சொல்லச் சொல்ல அவருக்கு எரிச்சல் வருகிறது. நான் யாருக்காகச் சம்பாதிக்கிறேன் என்று அவள் மேலேயே திருப்புகிறார்.

லெவலிங் பிராக்டிகல் செய்தவர்களுக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். பெஞ்ச் மார்க்கில் தொடங்கி ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் போகிறோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் தப்பு. எந்த ரீடிங்கையும் தனியாகப் பார்த்தால் தப்பு தெரியாது. திரும்பி வந்து அதே பெஞ்ச் மார்க்கில் ஸ்டாஃபை வைத்து மூடும்போதுதான் எவ்வளவு விலகியிருக்கிறோம் என்று தெரியும். மூடிப் பார்க்காதவனுக்கு அவன் லெவல் சரியாகத்தான் தோன்றும். மேன்சனுக்குக் கிறிஸ்டின்தான் பெஞ்ச் மார்க். அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது, மூடிப் பார்ப்பதை நிறுத்தியதற்குச் சமம். என்னைக் கேட்டால் அவர் வழுக்கியது ஊசியிலும் இல்லை, ஃபீஸ் பங்கிலும் இல்லை. கேட்கிறவர் வாயை அடைத்த இடத்தில்தான் வழுக்கினார்.

4. விட்லரின் சாவு

மருத்துவமனைக்குப் பக்கத்தில் பழைய துணிகளைச் சீர்செய்து இஸ்திரி போட்டுக் கொடுக்கும் சின்னக் கடை. விட்லர் என்பவரும் அவர் மனைவியும் நடத்துகிறார்கள். உழைப்பாளிகள். கஷ்ட காலத்தில் மேன்சனுக்குக் கிடைத்த நோயாளிகள் இப்படிப்பட்டவர்கள்தான். விட்லருக்கு வயிற்றில் கட்டி. அறுவை சிகிச்சை வேண்டும். நல்ல கையாகப் பாருங்கள் டாக்டர் என்கிறாள் அந்த அம்மாள். மேன்சன் தன் கூட்டாளி ஐவரியிடம் அனுப்புகிறார். ஐவரிக்கு நாகரிகமான பேச்சு உண்டு, பெரிய இடத்துப் பழக்கம் உண்டு. கையில் தொழில் இருக்கிறதா என்று மேன்சன் ஒருநாளும் பார்த்ததில்லை. அவன் மற்றவர்களுக்கு அனுப்புகிறான், மற்றவர்கள் அவனுக்கு அனுப்புகிறார்கள், அவ்வளவே.

மேஜையில் மேன்சன் உடன் நிற்கிறார். ஐவரிக்கு அறுக்கவே தெரியவில்லை என்பது கண்முன்னால் தெரிகிறது. ரத்தம் நிற்கவில்லை. சாதாரணமாகப் பிழைக்கவேண்டிய விட்லர் மேஜையிலேயே இறந்துபோகிறார். ஐவரி பதறவில்லை. வெளியே வந்து மனைவியிடம் மரியாதையாக ஒரு பொய் சொல்கிறான். அந்த அம்மாளோ தன் வீட்டுக்காரருக்காக இவ்வளவு பாடுபட்டதற்கு இரண்டு டாக்டர்களுக்கும் நன்றி சொல்கிறாள்.

நாவல் முழுவதிலும் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது இந்த நன்றிதான். அவள் சண்டை போட்டிருந்தால் மேன்சன் தப்பித்திருப்பார், பதில் சொல்லியிருப்பார். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கைகூப்புகிற ஜனங்களுக்கு என்ன பதில் சொல்வது? எங்க அம்மா சித்தாள். ஆஸ்பத்திரியில், தாலுகா ஆபீசில், பேங்க்கில், வெள்ளைச் சட்டை போட்டவர் எது சொன்னாலும் "சரிங்க சார்" என்று சொல்லித்தான் பழக்கம். நாளைக்கு நான் சைட்டில் ஹெல்மெட் போட்டு நிற்கும்போது எனக்கும் அப்படித்தான் "சரிங்கம்மா" சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கேட்கிற தகுதி நமக்கு இருக்கவேண்டும்.

5. எழுந்தது எப்படி?

விட்லரின் சாவு மேன்சனைப் பிடித்து உலுக்குகிறது. ஐவரியிடம் நீ செய்தது கொலை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து கிறிஸ்டினிடம் எல்லாவற்றையும் கொட்டுகிறார். தொழிலை விற்றுவிட முடிவு செய்கிறார். பழைய நண்பர்கள் டென்னி, ஹோப் இரண்டு பேரையும் தேடிப் போகிறார். டென்னி அறுவை சிகிச்சை, ஹோப் பரிசோதனைக் கூடம், தான் பொது மருத்துவம் என்று மூன்று பேரும் சேர்ந்து ஒரு சிறு ஊரில் கூட்டாக மருத்துவமனை நடத்தத் திட்டம் போடுகிறார்கள். எல்லாம் கூடிவருகிற நேரம். கணவனுக்குப் பிடித்த பாலாடைக்கட்டி வாங்கித் தெருவைக் கடந்து ஓடிவருகிற கிறிஸ்டின் பஸ்ஸில் அடிபட்டு இறந்துபோகிறாள்.

அதோடு கதை முடியவில்லை. நண்பர் போலண்டின் மகள் மேரிக்குக் காசநோய். பெரிய ஆஸ்பத்திரியில் பழைய முறையிலேயே வைத்திருக்கிறார்கள். நோய் கண்ட நுரையீரலுக்கு ஓய்வு கொடுக்க, அதைச் சுற்றிக் காற்றைச் செலுத்தித் தற்காலிகமாகச் சுருக்கி வைக்கும் சிகிச்சை அப்போது இருந்தது. காசநோய்க்கு மருந்து வராத காலம். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்தது 1943-ல்தான். அந்தச் சிகிச்சையில் கெட்டிக்காரரான ஸ்டில்மன் என்ற அமெரிக்கருக்கு டாக்டர் பட்டம் கிடையாது. மேன்சன் மேரியை அவரிடம் கொண்டுபோய்க் காப்பாற்றுகிறார். பட்டம் இல்லாதவரோடு சேர்ந்து தொழில் செய்தார் என்று மருத்துவக் கவுன்சிலில் புகார் போகிறது. புகார் கொடுத்தது யார்? அதே ஐவரி!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விட்லரைச் சாகடித்தபோது எந்தக் கவுன்சிலும் கூப்பிடவில்லை. மேரியைப் பிழைக்க வைத்ததற்குக் கூண்டில் ஏற்றுகிறார்கள். மேன்சன் பயப்படாமல் வாதாடுகிறார். பாஸ்டர் டாக்டர் பட்டம் வாங்கியவரா? இந்தியாவில் பிளேக்கை எதிர்த்துப் போராடிய ஹாஃப்கின் டாக்டரா? என்று கேட்கிறார். இந்த ஹாஃப்கின் நமக்கும் தெரிந்தவர்தான். 1897-ல் பம்பாயில் பிளேக் தடுப்பூசியை முதலில் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தவர். அவர் பெயரில் மும்பையில் ஒரு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கடைசியில் கவுன்சில் மேன்சனின் பெயரை நீக்காமல் விடுகிறது. மூன்று பேர் மருத்துவமனைக்காக அவர் கிளம்புவதோடு நாவல் முடிகிறது.

6. எனக்கு ஒப்பாத ஓர் இடம்

பெரிய நாவல் என்பதற்காக எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. கிறிஸ்டினை ஏன் சாகடிக்க வேண்டும்? அபரலாவில் அவர்கள் வீட்டுக்குப் போகிற மரப்பாலத்தில் பலகை உளுத்துப்போயிருந்தது. கர்ப்பிணியாக இருந்த கிறிஸ்டின் அதில் கால் வைத்து விழுகிறாள். குழந்தை போயிற்று, இனிமேல் குழந்தையே இல்லை. (அந்தப் பலகையைப் பார்த்து மாற்றச் சொல்லவேண்டிய ஓவர்சீயர் எங்கே போனார் என்று எனக்குக் கோபம் வந்தது.) அப்புறம் லண்டனில் கணவனின் அலட்சியம். கடைசியில் பஸ். தப்பு செய்தது மேன்சன், விலை கொடுத்தது முழுக்க அவள். புருஷன் திருந்துவதற்குப் பெண்டாட்டி சாகவேண்டும் என்பது பழைய கதைகளின் பழக்கம். குரோனினும் அதை விடவில்லை. அவளும் டீச்சர்தானே, அவளுக்கும் ஒரு கோட்டை இருந்திருக்காதா? தோழியர்கள் இதைப் பற்றி யோசிக்கவேண்டும்.

7. நமக்கு என்ன பாடம்?

முதலாவது, வறுமை நேர்மைக்கு உத்தரவாதம் அல்ல. ஏழைப் பிள்ளை கெட்டுப்போகாது என்று நாம் நினைக்கிறோம். மேன்சன் ஏழைதான். பட்ட கஷ்டமே பிறகு அவருக்குச் சாக்காகிவிடுகிறது. 'இவ்வளவு பட்டேனே, எனக்கு இது கூடாதா?' வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்கிற நமக்குத்தான் இந்தச் சாக்கு சீக்கிரம் வாயில் வரும். கூரை மாற்றவேண்டும், தங்கச்சி கல்யாணம், அப்பா வைத்தியம். எல்லாம் உண்மையான தேவை. அதனால்தான் அது ஆபத்தான சாக்கு. பேராசைக்காரனை யாரும் நம்பமாட்டார்கள். பாசத்துக்காகச் செய்கிறவனை அவனே நம்பிவிடுவான்.

இரண்டாவது, நம் தொழிலிலும் மேஜை இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது. டாக்டர் தப்பு செய்தால் ஒருவர் சாகலாம், அன்றைக்கே தெரியும். நாம் கம்பி எண்ணிக்கையைப் பார்க்காமல் கான்கிரீட் போடவிட்டால், எம்-புக்கில் அளக்காத அளவை எழுதினால், பத்து வருஷம் கழித்து யார் தலையில் விழும் என்று நமக்கே தெரியாது. விழும்போது நாம் வேறு ஊரில் பதவி உயர்வோடு இருப்போம். அந்த வீட்டு அம்மாள் கிரகப்பிரவேசத்தில் நமக்குத் தேங்காய் பழம் வைத்து நன்றி சொல்லியிருப்பாள். விட்லர் மனைவியின் நன்றி மாதிரி.

மூன்றாவது, தனியாக நல்லவனாக இருப்பது கஷ்டம். இதைத்தான் நாவலின் முக்கியமான பாடமாக நான் எடுத்துக்கொள்கிறேன். மேன்சனை இழுத்தது மூன்று பேர் கூட்டு. ஹாம்ஸன், டீட்மன், ஐவரி. மேன்சனைத் தாங்கியதும் ஒரு கூட்டுதான். டென்னி, ஹோப், கிறிஸ்டின். கூட்டு இல்லாமல் யாரும் இல்லை, எந்தக் கூட்டு என்பதுதான் விஷயம். அபரலாவில் பெரிய டாக்டர் உதவி டாக்டர்கள் சம்பளத்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்வதை எதிர்த்து மேன்சன் எல்லோரையும் சேர்க்கப் பார்க்கிறார். ஆளாளுக்குப் பயந்து முயற்சி படுத்துவிடுகிறது. அன்றைக்கு அவர்கள் சேர்ந்து நின்றிருந்தால் மேன்சன் வேல்ஸிலேயே இருந்திருப்பாரோ என்று எனக்குத் தோன்றும்.

இதற்கு நாவலுக்கு வெளியே ஒரு நிஜமான சாட்சி உண்டு. குரோனின் வேலை செய்த டிரெடிகரில் தொழிலாளர்களின் மருத்துவ உதவிச் சங்கம் உண்மையிலேயே இருந்தது. அதே ஊரில் 1897-ல் சுரங்கத் தொழிலாளி மகனாகப் பிறந்து, பையனாகவே சுரங்கத்தில் இறங்கியவர் அனூரின் பெவன். அந்தச் சங்கத்தின் வேலைகளில் பங்கெடுத்தவர். பிற்பாடு பிரிட்டனின் சுகாதார அமைச்சரானார். 1948 ஜூலை 5-ஆம் தேதி, பார்க்கிற இடத்தில் காசு கேட்காத தேசிய சுகாதார சேவையை நாடு முழுவதற்கும் தொடங்கி வைத்தார். அந்த மனமாற்றத்துக்கு மக்களைத் தயார்ப்படுத்தியதில் 'தி சிட்டடல்' நாவலுக்கும் பங்கு உண்டு என்று சொல்கிறவர்கள் பலர். டாக்டருக்கு நோயாளியின் பர்ஸைப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டால், மேன்சன்கள் வழுக்குகிற படிகளில் இரண்டு மூன்று தானாகவே குறையும். ஆளைத் திருத்துவது ஒரு பாதி, படியைத் திருத்துவது மறு பாதி. இரண்டாவதை ஒரு ஆளால் செய்ய முடியாது. சங்கம் என்று ஒன்று வேண்டியிருப்பது அதற்காகத்தான்.

நாவலின் ஆங்கிலம் ஆரம்பத்தில் கொஞ்சம் கடினம். அகராதி வைத்துக்கொண்டு முதல் ஐம்பது பக்கம் தாண்டிவிட்டால் பிறகு அதுவே இழுத்துக்கொண்டு போகும். ஆங்கில மீடியம் படித்தவர், தமிழ் மீடியம் படித்தவர் இரண்டு பேர் சேர்ந்து படித்தால் இரண்டு பேருக்கும் லாபம்.

ஹாஸ்டல் அறைகளில் விவாதிக்க சில கேள்விகள்:

(1) சாக்கடைக்கு வெடி வைத்தது சட்டப்படி குற்றம். மேன்சனும் டென்னியும் வேறு என்ன செய்திருக்கலாம்?

(2) நாலு படிகளில் எந்தப் படியில் நீங்கள் நின்றிருப்பீர்கள்? உண்மையாகச் சொல்லுங்கள்.

(3) ஐவரிக்குத் தொழில் தெரியாது என்று மற்ற டாக்டர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் பேசாதவர்களுக்கு விட்லர் சாவில் பங்கு உண்டா?

(4) வேலைக்குப் போன பிறகு, "நீ செய்வது சரியில்லை" என்று உங்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்லக்கூடிய ஆள் யார்? அவர் பெயரை இப்போதே நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். நான் எங்க அப்பா பெயரை எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்தான். ஆனால் கல்லில் ரசமட்டம் வைத்தாற்போல் எது கோணல் என்று பார்த்தவுடனே சொல்லிவிடுவார்.